மவுண்டுக்கு ஒரே ஒரு வரிதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில், பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி வாங்கிக் கொடுப்பது பற்றி முக்கால் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்தது. தொலைநோக்கியைத் தாங்கி நிற்கிற ‘மவுண்ட்’ பற்றி அதில் ஒரே ஒரு வரிதான். அதற்கு இப்போது, தை பிறந்த பிறகு கடிதம் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. நான் அந்தக் கட்டுரையை ஆகஸ்டில் படிக்கவில்லை. மார்கழி பிறந்த இரண்டாம் நாள் ஒருவர் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் ஸ்டுடியோவுக்கு வந்தார். கூடவே ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள். பெட்டியைத் திறந்தால் தெர்மாகோலுக்கு மேலே நான்காக மடித்த உங்கள் கட்டுரை.

“அண்ணாச்சி, கல்யாணத்துக்கெல்லாம் எடுக்கீங்க. இதுல எப்படி படம் எடுக்கதுன்னு பிள்ளைக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க” என்றார்.

நான் கோவில்பட்டியில் 22 வருடமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறவன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, எனக்கு வேலையும் கிடையாது. அந்த ஒரு மாதத்தில் வானத்தைப் படம் எடுப்பது 2017-லிருந்து என் வழக்கம். இது ஊரில் நாலு பேருக்குத் தெரியும், அப்படித்தான் அவர் தேடி வந்தார்.

பெட்டியில் இருந்தது 114 மி.மீ. கண்ணாடி போட்ட தொலைநோக்கி. பெட்டிமேல் ‘675 மடங்கு’ என்று கொட்டை எழுத்து. சுற்றிலும் குதிரைத்தலை நெபுலா என்ற விண்வெளி வாயு, தூசி மேகம், ஆண்ட்ரோமீடா கேலக்ஸி என்ற நட்சத்திர மண்டலம், இவற்றின் படங்கள். 114 மி.மீ. கண்ணாடியில் உருப்படியாகக் கிடைப்பது 230 மடங்கு வரைதான். கண்ணாடியின் மில்லிமீட்டரை இரண்டால் பெருக்குங்கள், அதுதான் உச்சவரம்பு. அதற்கு மேலே போனால் கலங்கல் பெரிதாகுமே தவிர விவரம் கூடாது. சரி, அது விற்கிறவர் செய்த வேலை, அதை விடுங்கள். குழாயை எடுத்து அதோடு வந்த ஸ்டாண்டில் மாட்டி, வாசலில் வைத்து, தெருக்கோடி செல்போன் டவரைப் பார்த்தேன். ஃபோகஸ் திருகைத் தொட்டதும் டவர் ஆட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஆட்டம் நிற்க ஆறு எண்ண வேண்டியிருந்தது.

அப்புறம்தான் உங்கள் கட்டுரையைப் பிரித்துப் படித்தேன். லென்ஸ் வகையா கண்ணாடி வகையா, எத்தனை அங்குலம், எந்த ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கிற லென்ஸ்), செல்போனை எப்படி மாட்டுவது, எல்லாம் விளக்கமாக இருக்கிறது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் தலைப்புக்குக் கீழேயே ‘நெபுலாக்களையும் கேலக்ஸிகளையும் படமெடுக்கலாம்’ என்று போட்டுவிட்டு, குழாயைத் தாங்குகிற மவுண்டைப் பற்றி மொத்தமே ஒரு வரி: உறுதியான ஸ்டாண்டும் இருந்தால் நல்லது. அந்த ‘இருந்தால் நல்லது’வுக்காகத்தான் இந்தக் கடிதம்.

கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் என்றால் உங்கள் கட்டுரை சொன்னது சரிதான். நிலாவின் பள்ளங்கள், வியாழனின் நாலு நிலாக்கள், சனியின் வளையம், இவையெல்லாம் வெளிச்சமானவை. சனிக்கிழமை சாயங்காலம் தெருப்பிள்ளைகளுக்குக் காட்ட, மரப்பெட்டி மாதிரி தரையில் உட்காருகிற டாப்சோனியன் போதும். சான்பிரான்சிஸ்கோ நடைபாதையில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வானம் காட்டிய ஜான் டாப்சன் பிரபலமாக்கியது அது. அதைவிட மலிவாக, உறுதியாக, பெரிய கண்ணாடியைத் தாங்க வேறு வழி இல்லை. நிலாவை ஐபீஸில் செல்போனை வைத்துக்கூட எடுத்துவிடலாம். நெபுலா அப்படி இல்லை. மங்கல் ஒளியைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். நிமிடக் கணக்கில் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க வானம் ஓடிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு ஓடும்? ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி, அதாவது ஒரு செகண்டுக்கு 15 ஆர்க் செகண்ட். ஒரு டிகிரியை 3,600 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஆர்க் செகண்ட். ஒரு ரூபாய் நாணயத்தை நாலு கிலோமீட்டர் தள்ளி நிற்கவைத்துப் பார்த்தால் அது கண்ணுக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு. கேட்கும்போது ஒன்றுமில்லாத மாதிரிதான் தோன்றும். என் குழாயின் குவியத் தூரம் 650 மி.மீ.; என் பழைய கேனன் கேமராவில் ஒரு பிக்சல் 4.3 மைக்ரான். கணக்குப் போட்டால் ஒரு பிக்சலுக்கு 1.36 ஆர்க் செகண்ட் வருகிறது. அப்படியென்றால் சும்மா வைத்த கேமராவில் நட்சத்திரம் ஒரே செகண்டில் 11 பிக்சல் நகர்ந்துவிடும். புள்ளியாக விழ வேண்டியது புழுவாக விழும். கல்யாண வீட்டில் கேமரா அசைந்துவிட்டால் “மாலையை இன்னொரு தடவை மாத்துங்க” என்று சொல்லிச் சமாளிப்போம். இங்கே யாரிடம் சொல்வது?

நானும் முதலில் குழாயைத்தான் வாங்கினேன். 130 மி.மீ., பதினெட்டாயிரம் ரூபாய். கேமராவை மாட்டினால் ஃபோகஸே வரவில்லை. ஃபோகஸரை அடிவரை உள்ளே தள்ளியும் இன்னும் இரண்டரை சென்டிமீட்டர் போதவில்லை. கண்ணால் பார்ப்பதற்காகச் செய்த குழாய்களில் இந்தச் சங்கடம் சகஜம் என்று பிறகு தெரிந்தது. நீளமான போல்ட் போட்டு அடிக்கண்ணாடியையே மேலே ஏற்றினேன். ஃபோகஸ் வந்தது. மெல்லிய அலுமினியக் கால் ஸ்டாண்டில் வைத்து நாற்பது படம் எடுத்தேன். நாற்பதும் நாற்பது விதக் கோலம்.

கடைசியில் பெங்களூரில் ஒரு மென்பொருள்காரர் பயன்படுத்திய மவுண்டை அறுபத்தெட்டாயிரத்துக்கு வாங்கினேன். வீட்டில் கேட்டார்கள்: “மாடு பதினெட்டாயிரம், கட்டுத்தறி அறுபத்தெட்டாயிரமா? இது எந்த ஊர் நியாயம்?” படம் எடுப்பதில் இதுதான் நியாயம், ஆசிரியரே. இதை உங்கள் கட்டுரையாளர் முதல் பத்தியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அது ஈக்வடோரியல் மவுண்ட். அதன் ஒரு அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்துவிட்டால், அந்த ஒரே அச்சை 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று வீதம் திருப்பினால் போதும், நட்சத்திரம் கேமராவுக்குள் அசையாமல் நிற்கும். மேல்கீழாகவும் இடவலமாகவும் மட்டும் திரும்புகிற மவுண்டிலும் மோட்டார் வைத்து நட்சத்திரத்தைத் துரத்தலாம், ஆனால் படத்தின் சட்டம் மெல்லச் சுழலும். நடுவில் இருப்பது புள்ளியாகவும் ஓரத்தில் இருப்பதெல்லாம் வளைந்த கோடாகவும் விழும்.

அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக வைப்பது என்றால் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வைப்பது. எல்லாப் புத்தகத்திலும் ‘துருவ நட்சத்திரத்தைக் குறி வையுங்கள்’ என்று ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்கள். எழுதுகிறவர்கள் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பாதி வானத்தில் நிற்கும். துருவ நட்சத்திரத்தின் உயரம் அந்தந்த ஊரின் அட்சரேகை அளவுதான். கோவில்பட்டிக்கு 9 டிகிரி சொச்சம். கையை நேரே நீட்டி முஷ்டி பிடித்தால் முஷ்டியின் அகலம் பத்து டிகிரி. அந்த ஒரு முஷ்டி உயரம்கூட இல்லை. என் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இருக்கிறது. துருவனைப் பார்க்க வேண்டுமானால் அவர்கள் டேங்கை இடிக்க வேண்டும்.

அடுத்த தொல்லை, அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கிடப்பது. குழாய்க்கு எதிர்ப்பக்கம் சமநிலைக்காகத் தொங்குகிற வெயிட், குளிர்நாட்டில் ஸ்டாண்டை விட்டு விலகித் தொங்கும். நமக்கு வடக்குக் காலை ஒட்டி நேர் கீழே தொங்குகிறது. முதல் ராத்திரியே பாதி எக்ஸ்போஷரில் ‘டங்’ என்று வெயிட் காலில் மோதி மோட்டார் முனகியது. எங்கள் ஊர் லேத்துப் பட்டறை அண்ணன் வந்து ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மவுண்ட் எந்தத் திசையில் உட்கார வேண்டும் என்று காட்டும் சின்ன முளை ஒன்று, ஒரு காலுக்கு நேர் மேலே இருந்தது. “முளையைக் கழட்டி ரெண்டு காலுக்கு நடுவுல வச்சா வெயிட்டு இடைவெளியில போயிட்டு வந்துரும்லா” என்றார். அவ்வளவுதான். புதிதாக ஒரு துளை, மரை, பத்து நிமிட வேலை. பாரம் வடக்கே சாய்கிற பக்கம் இப்போது இரண்டு கால்கள் தாங்குவதால் முன்னைவிட உறுதியாகவும் நிற்கிறது. கூலி கேட்டதற்கு “சனிக்கிழமை எம் பேரனுக்கு வளையத்தைக் காட்டிருங்க” என்றார்.

காவலூருக்கு ஒரு முறை போயிருந்தபோது இந்த அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டேன். ஜவ்வாது மலையில் இருக்கிறதே, வானியலாளர் வைணு பாப்பு பெயரிலான 2.34 மீட்டர் தொலைநோக்கி, நம் நாட்டிலேயே செய்து 1986-இல் தொடங்கி வைத்தது. எல்லோரும் கண்ணாடியின் அளவைக் கேட்டு வாய் பிளந்தார்கள். நான் அது உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்கு முனையில் குதிரை லாடம் மாதிரி ஒரு ராட்சத வளைவு. அந்த லாடத்தின் திறந்த வாய்க்குள் குழாய் இறங்கித் துருவம் வரைக்கும் பார்க்கும். காவலூரின் அட்சரேகை பன்னிரண்டரை டிகிரி. எங்கள் கோவில்பட்டிப் பிரச்சினையின் பெரியண்ணன்தான் அது. அங்கே லாடத்தால் தீர்த்தார்கள், இங்கே ஒரு முளையால் தீர்ந்தது.

டேங்க் மறைக்கிறதே, அச்சை எப்படி வைப்பது என்று கேட்பீர்கள். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடைவாரில் மூன்று நட்சத்திரம் வரிசையாக இருக்குமே, அதில் மேற்கு ஓரத்து மின்டகா ஏறக்குறைய வான நடுக்கோட்டின் மேலேயே, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கற்பனைக் கோட்டிலேயே இருக்கிறது. அது உச்சிக்கு வரும்போது அதை ஐந்து நிமிடம் கவனிப்பேன். வடக்கேயோ தெற்கேயோ நழுவினால் அச்சு கிழக்கு மேற்காகத் தப்பாக இருக்கிறது. திருகைத் திருப்பி நழுவல் நிற்கும்வரை சரிசெய்வேன். பிறகு கிழக்கே தாழ்வாக இருக்கும் ஒரு நட்சத்திரத்தை வைத்து அச்சின் சாய்வைச் சரிசெய்வேன். முதல் வருடம் இதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது இருபது நிமிடம்.

ஊருக்குள் தெருவிளக்கு வெளிச்சம் தாங்காமல் விளாத்திகுளம் பக்கம் மைத்துனர் புஞ்சைக்குப் போக ஆரம்பித்தேன். இருட்டு என்றால் அது இருட்டு. ஆனால் கரிசல் மண் வேறு கணக்கு வைத்திருந்தது. பத்து மணிக்குச் சரியாக வைத்த அச்சு பதினொன்றரைக்குத் தப்பாகியிருக்கும். மோட்டாரைச் சந்தேகப்பட்டேன், கியரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு கால் ஈர மண்ணில் இறங்கியிருந்தது. கால்களுக்கு நடுவே 80 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், ஒரு கால் ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலே அச்சு நாலைந்து ஆர்க் நிமிடம் (ஒரு ஆர்க் நிமிடம் என்பது 60 ஆர்க் செகண்ட்) சாய்ந்துவிடும். இப்போது மூன்று கடப்பாக்கல் துண்டு டிக்கியில் எப்போதும் கிடக்கிறது. இதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள்.

அச்சு சரியாக இருந்தாலும் கியர் விடாது. என் மவுண்டின் பல்சக்கரத்தில் 135 பல். அதைத் திருப்புகிற வார்ம் என்ற திருகுக் கியர் ஒரு சுற்று சுற்ற பத்து நிமிடம் 38 செகண்ட். கடைசல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். என்னுடையதை அளந்தபோது 35 ஆர்க் செகண்ட் அலைந்தது, 25 பிக்சலுக்கு மேல். இதைச் சமாளிக்கத்தான் பெரிய குழாயின் முதுகில் ஒரு சின்னக் குழாயும் கேமராவும் வைக்கிறோம். அது ஒரு நட்சத்திரத்தை விடாமல் கண்காணித்து, நழுவினால் மோட்டாரைத் தட்டிக்கொடுக்கும். அதற்கு இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள் பி.ஹெச்.டி. முனைவர் பட்டம் இல்லை. ‘புஷ் ஹியர் டம்மி’. நம் பாஷையில் ‘மண்டு, இங்கே அழுத்து’. என் மாதிரி ஆட்களை மனதில் வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ‘14 கிலோ தாங்கும்’ என்று போட்டிருந்தால் படத்துக்கு அதில் பாதிதான். என்னுடையதில் ஏழு கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டேன். நீளக் குழாய் என்றால் காற்றுக்குப் பாய்மரம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் ஆறு கிலோக் குழாய் எம்மாத்திரம்? ஆடியிலும் முகூர்த்தம் இல்லாமல் சும்மாதான் இருக்கிறேன், ஆனால் மூட்டையைப் பிரிப்பதே இல்லை.

சரி, அந்தப் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவிடம் “இன்னும் அறுபதாயிரம் போடுங்க” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். குழாயை நிலா பார்க்க வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் “ரெண்டு பலகை, ஒரு கதவுக் கீல், ஒரு ஆறு எம்.எம். போல்ட் கொண்டு வா. நாமே மவுண்ட் செய்வோம்” என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

விளையாட்டு இல்லை. ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் ஹேக் 1970-களில் பரப்பிய யோசனை இது. இரண்டு பலகையை ஒரு ஓரத்தில் கீல் போட்டு, புத்தகம் மாதிரித் திறக்கும்படி சேர்க்க வேண்டும். கீல் ஊசியின் நடுவிலிருந்து சரியாக 228.5 மி.மீ. அளந்து கீழ்ப்பலகையில் துளை போட்டு, அங்கே நட்டைப் பதித்து போல்டை ஏற்ற வேண்டும். ஆறு எம்.எம். போல்டை ஒரு சுற்று சுற்றினால் ஒரு மில்லிமீட்டர் ஏறும். நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால் மேல்பலகை நிமிடத்துக்குக் கால் டிகிரி திறக்கும். பூமி சுற்றுகிற வேகமும் அதுதான். மேல்பலகையில் கேமரா, கீல் துருவத்தைப் பார்த்து 9 டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும். வேறொன்றும் இல்லை. கீல், போல்ட், நட்டு எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்கு உள்ளே. பலகை, என் ஸ்டுடியோ பழைய ஷோகேஸ் கதவு.

போல்டைச் சுற்றப் பிடிமானம் வேண்டுமே என்று, யாரும் வாங்கிப் போகாத ஒரு கல்யாண சிடியை போல்டின் தலையில் ஒட்டினோம். பிள்ளை அதில் கடிகாரம் மாதிரி அறுபது கோடு போட்டாள். ஸ்டுடியோ சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச் வெளிச்சத்தில், செகண்ட் முள் நகர நகர அவள் சிடியை நகர்த்த வேண்டும். ஐம்பது மி.மீ. லென்ஸுக்கு இந்த நேர்த்தி தாராளம். அதில் ஒரு பிக்சல் 17 ஆர்க் செகண்டுக்கு மேலே.

திருவாதிரைக் களி அன்று போகலாமா என்று அவள் அப்பா கேட்டார். அன்றைக்குப் பௌர்ணமியாக இருக்கும், நிலா வெளிச்சத்தில் ஒன்றும் தேறாது. அனுமன் ஜெயந்தி, அதாவது மார்கழி அமாவாசை ராத்திரி, மைத்துனர் ஊர்க் களத்துக்குப் போனோம். களம் சிமெண்டுத் தளம், கால் இறங்காது. வடக்கே டேங்கும் கிடையாது. கீலின் மேல் ஒரு ஜூஸ் குழலை ஒட்டி அதற்குள் துருவ நட்சத்திரத்தைப் பிடித்தோம். அப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டு ப்ளாஸ்கோடு உட்கார்ந்துவிட்டார்.

முதல் பத்துப் படமும் வீண். நட்சத்திரமெல்லாம் கோடு. அசையாமல் வைத்த கேமராவில் விழுவதைவிட நீளக் கோடு. எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. அவள்தான் பலகையையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “மாமா, நாம எதிர்ப்பக்கம் சுத்துறோம்” என்றாள். உண்மைதான். வடக்கே பார்த்து நின்றால் கீல் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். நான் வலப்பக்கம் வைத்திருந்தேன். வானம் ஒரு பக்கம் ஓட, நாங்கள் மறுபக்கம் ஓடி, கோடு இரண்டு மடங்காகியிருந்தது. இருபத்திரண்டு வருட சர்வீஸ்!

திருப்பி வைத்தோம். படத்துக்கு ஒரு நிமிடம். ஐந்து படத்துக்கு ஒரு முறை போல்டைப் பழையபடி இறக்கி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நடுவில் மக்காச்சோளத்துக்குப் பன்றிக் காவல் இருந்த ஒருவர், யாரோ களத்தில் நிற்கிறார்கள் என்று பெரிய டார்ச்சை எங்கள் முகத்துக்கு நேரே அடித்துக்கொண்டு வந்தார். அதில் மூன்று படம் போயிற்று. விஷயத்தைச் சொன்னதும் அவரும் உட்கார்ந்துகொண்டார். பிள்ளை நிமிரவே இல்லை. கண் கடிகாரத்தில், விரல் சிடியில்.

அவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு எட்வர்ட் எமர்சன் பர்னார்டு ஞாபகம் வந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் 1857-இல் பிறந்த ஏழைப் பையன். ஒன்பது வயதில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தான். மின்விளக்கு இல்லாத காலம். படத்தைப் பெரிதுபண்ணச் சூரிய வெளிச்சம்தான். மாடியில் இருந்த அந்தப் பெரிய கருவியை, சூரியன் நகர நகரக் கையால் திருப்பிக்கொண்டே இருப்பது அவன் வேலை. நாள் முழுக்க அதேதான். அந்தப் பையனே ஒரு மவுண்ட். பின்னாளில் அவர்தான் கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் வியாழனின் ஐந்தாவது நிலாவைக் கண்டுபிடித்தார், 1892-இல். பால்வீதியை மணிக்கணக்கில் எக்ஸ்போஷர் கொடுத்து எடுத்த அவர் படங்களை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தக் காலத்தில் தானாகக் கண்காணிக்கிற கேமரா ஏது? கண்ணை ஐபீஸில் வைத்து, நட்சத்திரம் இழைக்கம்பியை விட்டு நகராமல் கையாலேயே திருத்திக்கொண்டிருக்க வேண்டும். ஸ்டுடியோக்காரன் என்கிற முறையில் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

முப்பது நல்ல படம் தேறியது. மறுநாள் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினோம். அதற்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. முப்பதை அடுக்கினால் படத்தின் இரைச்சல், அதாவது பொரிப்பொரியாகத் தெரிகிற புள்ளிகள், ஐந்தரை மடங்கு குறைந்துவிடும். ஓரியன் முழுசாக வந்திருந்தது: மேலே செம்மஞ்சளாகத் திருவாதிரை, நடுவில் இடைவார், கீழே வெள்ளையாக ரைஜல். இடைவாருக்குக் கீழே கத்தி மாதிரித் தொங்குகிற வரிசையின் நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு. ஓரியன் நெபுலா. 1880-இல் ஹென்றி டிரேப்பர் 51 நிமிடம் எக்ஸ்போஷர் கொடுத்து முதன்முதலில் படமெடுத்தது அதைத்தான். பெட்டிமேல் இருக்கிற படத்தோடு ஒப்பிட்டால் எங்களுடையது ஒன்றுமே இல்லை. ஆனால் இதை அவள் விரல் எடுத்தது.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது பார்ப்பது வேறு, படமெடுப்பது வேறு என்று பிரித்துப் போடுங்கள். படமெடுக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு முதலில் கையில் இருக்கிற கேமரா, சாதாரண லென்ஸ், இரண்டு பலகை. பிறகு பணம் சேர்ந்தால் மவுண்ட். அதற்குப் பிறகு குழாய். இந்த வரிசை தலைகீழானால் பணம் பரணில் தூங்கும். எங்கள் ஊரிலேயே அப்படித் தூங்குகிற குழாய் ஐந்தாறு எனக்குத் தெரியும். அதில் மூன்றை என்னிடமே விற்கக் கொண்டுவந்தார்கள். கூடவே நம் ஊர் அட்சரேகைக்கான சங்கடங்களையும் நம் ஊரில் செய்து பார்த்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சங்கடம் மட்டும் இல்லை, சலுகையும் உண்டு. ஓமேகா சென்டாரி என்ற அற்புதமான நட்சத்திரத் திரள் லண்டன்காரருக்கு அடிவானத்துக்கு மேலேயே வராது. எங்களுக்குச் சித்திரையில் தெற்கே 33 டிகிரி உயரத்தில் ஜம்மென்று நிற்கும். அதற்கும் கீழே கரீனா நெபுலாகூட 20 டிகிரிக்கு வரும். கயத்தாறு காற்றாலைகளின் சிவப்பு விளக்கு மட்டும் குறுக்கே கண் சிமிட்டும். அந்தப் பிள்ளை இப்போதே சித்திரைக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். நான்தான் முகூர்த்தம் இல்லாத ராத்திரி எது என்று டைரியைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது. எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், 228.5 என்ற எண்ணை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அவள் எடுத்த படத்தையும் இணைத்திருக்கிறேன். இடம் இருந்தால் போடுங்கள். போடும்போது உங்கள் அச்சுப் பிரிவில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: இடைவாருக்குக் கீழே இளஞ்சிவப்பாகத் தெரிவது கறை இல்லை, துடைத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஒரு ஸ்டுடியோக்காரன்,
கோவில்பட்டி.